எங்களுடையவர்களாக இருக்கும் வரை

லா கோம்ப்,
குடியரசு ஆண்டு 11, ஜெர்மினால் 20

குடிமகள் ஒதீல் வெர்னியேவுக்கு,

இந்த ஊரின் மேயர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். ஒன்பது ஆண்டுகளாக நமக்குள் கடிதம் இல்லை. அதைப் பற்றி இப்போது பேச வரவில்லை.

போன மாதம் பாரிசில் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். அரசுக் காட்டில் விறகு எடுக்கவும் பன்றி மேய்க்கவும் உரிமை உண்டு என்கிற ஊர்கள், ஆறு மாதத்துக்குள் அதற்கான பழைய பத்திரத்தை வெசூலில் ஆட்சியரிடம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் உரிமை போயிற்று. பெல்வோ கன்னியர் மடத்தின் காடு இப்போது அரசுடையது என்பது உனக்குத் தெரியும். அதில் வெட்டும் மரம் முழுவதையும் தெமார் தன் இரும்பு உலைக்குக் குத்தகை எடுத்திருக்கிறார். அவருடைய உலை ஒரு நாளைக்குத் தின்கிற கரியில் இந்த ஊர் ஒரு குளிர்காலம் தள்ளும். போன வாரம் விதவை துவானெத்தின் முதுகிலிருந்து சுள்ளிக் கட்டை வனக்காவலன் இறக்கினான். அவளுடைய அரிவாளையும் பிடுங்கிக்கொண்டான். அவளுக்கு அறுபத்தெட்டு வயது.

நம் பாட்டன் பூட்டன் அந்தக் காட்டில்தான் விறகு எடுத்தார்கள் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தது பத்திரம் ஆகாது என்கிறார் வக்கீல். மடத்துப் பத்திரங்கள் ஆண்டு 2-இல் எரிக்கப்பட்டன. பட்டியல்படி அதில் ஒரு புத்தகம் மட்டும் எரியவில்லை. பெரியது, பன்றித்தோல் அட்டை, லத்தீன். மடத்தின் நிலங்கள், அவை யாரிடமிருந்து வந்தன, யாருக்கு என்ன உரிமை என்பதெல்லாம் அதில்தான். மடத்துப் பத்திர அறைச் சாவி உன்னிடம்தான் இருந்தது.

அந்தப் புத்தகம் உன்னிடம் இருந்தால் வண்டிக்காரர் மூலம் அனுப்பிவை. வண்டிச் செலவு ஊரைச் சேர்ந்தது.

வாழ்த்தும் சகோதரத்துவமும்,
லசார் வெர்னியே, மேயர்


வெசூல்,
1803 ஏப்ரல் 21

லசாருக்கு,

உன் ஜெர்மினால் 20 என்ன நாள் என்று கீழ்வீட்டு மளிகைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஈஸ்டர் ஞாயிறு. மற்றவர்கள் கோவிலுக்குப் போன நேரத்தில் நீ உட்கார்ந்து எனக்குச் சட்டம் எழுதியிருக்கிறாய். கடைசியில் சகோதரத்துவம் என்று வேறு முடித்திருக்கிறாய். அந்தச் சொல்லை நீ எனக்கு எழுதுவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அதைப் பற்றிப் பேச வரவில்லை என்கிறாய். நான் பேசத்தான் வருகிறேன்.

மடத்திலிருந்து எங்களை வெளியேற்றிய பின் ஓராண்டு உன் வீட்டில் இருந்தேன். உன் துணியைத் தைத்தேன், உன் மாட்டைக் கறந்தேன். கோவில் முன் மூன்று வண்டி பத்திரங்களை நீங்கள் கொளுத்திய மறுநாள் காலையில் என்னை உன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போனாய். தீவனம் கொண்டுபோகிற வண்டி. வழியெல்லாம் நீ ஒரு வார்த்தை பேசவில்லை. புரட்சிக் குழு விசாரணைக்காரர்கள் முன்னால்தான் பேசினாய். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன் என்பது உனக்குத் தெரியாது.

"மிரட்டினா சொல்லமாட்டா. எங்க அம்மாவைப் பத்திப் பேசுங்க. அதுக்கு உடைஞ்சிடுவா."

அப்படியே செய்தார்கள். உன் அம்மா படுக்கையில் கிடக்கிறாள், புத்தகம் எங்கே என்று சொல், சாயங்காலத்துக்குள் வீட்டில் இருக்கலாம் என்றார்கள். வாரம் ஒருமுறை வந்து சொன்னார்கள். பிப்ரவரியில் வருவதை நிறுத்திவிட்டார்கள். அம்மா போய்விட்டாள் என்று அதிலிருந்துதான் புரிந்துகொண்டேன். உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. சிறையில் ஒன்பது மாதம் இருந்தேன். வெளியே வந்த நாளில் வாசலில் நீ நிற்பாயோ என்று பார்த்தேன். என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன், பார்த்தேன்.

புத்தகம் இருக்கிறதா இல்லையா என்பதற்கு முன், நான் கேட்பதற்குப் பதில் சொல். ஏன் செய்தாய்? அம்மா கடைசி நாட்களில் எப்படி இருந்தாள்?

ஒதீல்


லா கோம்ப்,
ஆண்டு 11, ஃப்ளோரியால் 15

அக்கா,

உன் கடிதத்தை என் மனைவியிடம்கூடக் காட்டவில்லை. குளோதீன் கேட்டாள், மேயர் வேலை என்றேன்.

ஏன் என்று கேட்டாய். உனக்கு மடத்தில் இடம் கிடைக்க அப்பா ஆற்றோரப் புல்வெளியை மடத்துக்கு எழுதிக்கொடுத்தார். அது போன பிறகு இந்த வீட்டில் இரண்டு மாட்டுக்கு மேல் நின்றதில்லை. நீ உள்ளே லத்தீன் படித்தாய். நான் ஒவ்வொரு ஆண்டும் நம் வீட்டுக் கோழியைத் தூக்கிக்கொண்டு மடத்தின் பின்வாசலில் நின்றேன், நாம் மடத்தின் ஆட்கள் என்பதற்கு அடையாளமாக. சமையற்காரி கோழியின் மார்பைப் பிடித்துப் பார்த்து "எலும்புதான்"னு சொல்லுவாள். ஒருநாள் மாடியில் நீ நின்றிருந்தாய். என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாய். உனக்கு நினைவிருக்காது.

அந்தப் புத்தகங்களில் நம்மை நிலத்தோடும் மாட்டோடும் சேர்த்து எழுதியிருந்தார்கள். அவை எரிந்தபோது நான் ஆடினேன். அதற்கு இன்றும் வருத்தப்படவில்லை.

பட்டியலை நான்தான் உரக்க வாசித்தேன். ஒரு புத்தகம் குறைந்தது. ஊரே என்னைப் பார்த்தது. குளோதீனுக்கு எட்டாவது மாதம். நான் கொண்டுபோகாவிட்டால் மறுநாள் அவர்கள் வந்து எல்லோரையும் கொண்டுபோயிருப்பார்கள். நானே கொண்டுபோனால், ஏமாந்துபோன பெண் என்று எழுதிவிட்டு விட்டுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். அம்மாவைப் பற்றிப் பேசச் சொன்னது உண்மை. நீ அன்றைக்கே சொல்லிவிட்டு என்னோடு வண்டியில் திரும்பிவிடுவாய் என்று நினைத்தேன். சாயங்காலம் வரை வெளியே வண்டியோடு நின்றேன். அது உனக்குத் தெரியாது.

அம்மா ஜனவரிக் குளிரில் எழுந்திருக்கவில்லை. உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கூழ் கொடுத்தால் இரண்டு கரண்டி. அடம் மட்டும் குறையவில்லை. மெத்தை வைக்கோலை மாற்றவே விடமாட்டாள். முதுகில் புண் வந்துவிட்டது. குளோதீன் புது வைக்கோல் கொண்டுவந்தால் கையைத் தட்டிவிடுவாள். "விடு, இதுவே நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்லிக்கொண்டே செத்தாள். துவானெத் வந்து குளிப்பாட்டினாள்.

கேட்டதற்குச் சொல்லிவிட்டேன். இப்போது நீ சொல். எரித்தவனே கொண்டுவரட்டும் என்று ஊரில் என் முகத்துக்கு நேராகவே பேசுகிறார்கள்.

லசார்


வெசூல்,
1803 மே 19, ஆண்டவர் விண்ணேற்ற நாள்

லசார்,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. மூன்று முறை பதில் எழுதத் தொடங்கி நிறுத்தினேன்.

புத்தகம் அந்த மெத்தைக்குள் இருந்தது.

பத்திரங்களை எரிக்கப்போவதாக நீ சொன்ன அன்று அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அம்மா கேட்டாள், "என்னடி மறைக்கிறே?" காட்டினேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. "எரிக்கிறவனுக்கு எரிக்க ஆயிரம் கிடைக்கும், இதை இங்கே வை"ன்னு மெத்தையின் தையலை அவளே பிரித்தாள். அதன்மேல் படுத்தாள். இப்போது யோசித்துப் பார். சிறையில் அவர்கள் ஒவ்வொரு வாரமும் வந்து, புத்தகத்தைச் சொல், அம்மாவைப் பார்க்கலாம் என்றார்கள். நான் சொல்லியிருந்தால் சாகக் கிடந்தவளைப் புரட்டிப்போட்டு அதை எடுத்திருப்பார்கள், அவளையும் குற்றவாளி ஆக்கியிருப்பார்கள். அவளைப் பார்க்க வேண்டுமானால் அவளைக் காட்டிக்கொடுக்க வேண்டும். நீ சொல்லிக்கொடுத்த யுக்தி அவ்வளவு நன்றாக வேலை செய்தது.

முதுகில் புண் இருந்தது என்று இப்போதுதான் தெரியும். பன்றித்தோல் அட்டையின் நான்கு மூலையிலும் பித்தளைக் குமிழ்கள்.

அவள் இறந்த பிறகு அதை யார் எடுத்து வைத்திருந்து என்னிடம் கொண்டுவந்தார்கள் என்பதைச் சொல்லமாட்டேன். இப்போது என்னிடம் இருக்கிறது. ஆனால் உனக்குப் பயன்படாது. உங்கள் ஊரைப் பற்றிய பதிவை நம் பேச்சில் எழுதுகிறேன், படி.

"1251-ஆம் ஆண்டு. பெல்வோ மடத் தலைவி எர்மங்கார்ட், மற்ற சகோதரிகளின் சம்மதத்தோடு, லா கோம்ப் ஊரிலுள்ள எங்கள் ஆட்களான கொல்லன் பெரேன், அவன் சகோதரர்கள், ஆற்றோரத்து வெர்னியே, மற்றும் அவர்களுடைய வாரிசுகளுக்கு, எங்கள் காட்டில் காய்ந்த மரமும், வீட்டுக்கு உத்திரமும், பன்றிகளுக்கு ஓக் கொட்டையும் தருகிறோம், அவர்கள் எங்களுடையவர்களாக இருக்கும் வரை."

கடைசி மூன்று லத்தீன் வார்த்தைகள்தான் விஷயம். அடிமைகளாக இருக்கும் வரை விறகு. நீங்கள் இப்போது யாருடையவர்களும் இல்லை. தெமாரின் வக்கீல் அந்த இடத்தில் விரலை வைத்தால் போதும். உரிமை இருந்தது, அது புரட்சி வந்த 1789-லேயே முடிந்தது என்பான். சட்டப்படி அவன் சொல்வது சரியாக இருக்கும்.

ஒதீல்


லா கோம்ப்,
ஆண்டு 11, பிரெரியால் 18

அக்கா,

மெத்தையைப் பற்றி எழுதியிருந்தாய். அதை நான்தான் தொழுவத்துக்குப் பின்னால் போட்டுக் கொளுத்தினேன், வழக்கப்படி. அப்போது அது காலியாக இருந்திருக்கிறது. வேறு பேசுவோம்.

வக்கீல் பிகாரிடம் போனேன். உன் கடிதத்தைக் காட்டவில்லை, பதிவை மட்டும் மனப்பாடமாகச் சொன்னேன். அவர் நீ சொன்னதையேதான் சொன்னார். அந்த வால் இல்லாவிட்டால் கேஸ் நம்முடையது, வால் இருந்தால் தெமாருடையது என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, பழைய எழுத்துகள் சில சமயம் அழிந்துபோயிருக்கும் என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

நீ மடத்தில் இருந்தபோது ஒருமுறை சொல்லியிருக்கிறாய், தவறாக எழுதினால் கத்தியால் சுரண்டி, நுரைக்கல்லால் தேய்த்து, மேலே எழுதுவோம் என்று. மூன்று வார்த்தை, அக்கா. வெசூலில் அந்தக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களே இரண்டு பேர்தான் இருப்பார்களாம். மற்ற பிரதி எல்லாம் எரிந்துபோயிற்று, அதற்கு நானே சாட்சி.

நாற்பத்தியொரு வீடு. போன குளிர்காலத்தில் இரண்டு குடும்பங்கள் ஆட்டுக்கொட்டகையைப் பிரித்து எரித்தார்கள். இந்த முறை தெமாரின் காவலர்கள் துப்பாக்கியோடு வருகிறார்கள்.

குளோதீன் இப்போது எல்லாவற்றையும் தெரிந்துகொண்டாள். உன் அறை அப்படியே இருக்கிறது, வரச் சொல்லு என்கிறாள்.

லசார்


வெசூல்,
1803 ஜூன் 14

லசார்,

அன்றைக்கு முழுப் புத்தகத்தையும் எரிக்க நின்றாய். இன்றைக்கு மூன்று வார்த்தை போதும் என்கிறாய். பத்து ஆண்டில் நல்ல முன்னேற்றம்தான்.

அந்தப் புத்தகத்தை எழுதியவள் யார் என்று தெரியாது. ஒரு கன்னியாஸ்திரி. நடுவில் கை மாறுகிறது, அவள் இறந்திருக்க வேண்டும். இரண்டாவது பெண்ணின் எழுத்து முதலில் நடுங்குகிறது, இருபது பக்கத்துக்குப் பிறகு உறுதியாகிறது. ஐந்நூறு ஆண்டுகளில் அதைத் தொட்ட யாரும் ஒரு எழுத்தைக்கூட அழிக்கவில்லை, தங்களுக்கு எதிராக இருந்தவற்றைக்கூட. மடம் தோற்ற வழக்குகளும் அதில் இருக்கின்றன. அப்பாவின் புல்வெளியையும் கடைசிப் பக்கங்களில் எழுதியிருக்கிறார்கள். எழுதியது நான்தான், பதினெட்டு வயதில், தலைவி சொல்லச் சொல்ல. என் சொந்த விலையை நானே அழகான எழுத்தில் எழுதினேன். அதையும் நான் அழிக்கவில்லை.

நான் சிறைக்குப் போனது உன் வக்கீலின் வாலை நறுக்குவதற்காக அல்ல.

அறை அப்படியே இருக்கிறது என்பதைப் புத்தகம் வேண்டும் என்ற வரிக்கு இவ்வளவு பக்கத்தில் எழுதியிருக்க வேண்டாம்.

ஒதீல்


வெசூல்,
1803 ஜூலை 22

லசார்,

செய்துவிட்டேன். உன் கடிதத்துக்காக அல்ல.

போன செவ்வாய்க்கிழமை துவானெத் வந்தாள். இரண்டு நாள் நடந்து வந்திருக்கிறாள். மரச்செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாள், சத்தம் போட்டால் வீட்டுக்காரி திட்டுவாளோ என்று. நீ அனுப்பினாயோ என்று கேட்டேன். "உன் தம்பி அனுப்பி நான் எங்கே போயிருக்கேன்"ன்னாள். அம்மாவின் மெத்தையைப் பிரித்துப் புத்தகத்தை எடுத்தவள் அவள்தான், இப்போது சொல்லலாம் என்று அவளே சொன்னாள். ஆறு மாதம் அதைத் தன் மாவுப் பெட்டியில் வைத்திருந்து, நான் விடுதலையானதும் பாலாடைக்கட்டிக் கூடையில் போட்டு இங்கே கொண்டுவந்தாள். ஊரில் யாருக்கும் மூச்சுவிடவில்லை. கண்டுபிடித்திருந்தால் அவள் தலை போயிருக்கும்.

பதிவை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசி வார்த்தைகளையும் சொன்னேன். அதையே திருப்பிக் கேட்டாள்.

"அவங்களுடையவங்களா இருக்கிற வரைக்கும்னா எழுதியிருக்கு?"

ஆமாம் என்றேன்.

"நாங்க என்னைக்கு ஒதீலு அவங்களுடையவங்களா இருந்தோம்? அவங்க சொல்லிக்கிட்டாங்க. எழுதத் தெரிஞ்சவங்க அவங்கதானே, அவங்க இஷ்டத்துக்கு எழுதிக்கிட்டாங்க."

இரண்டு நாள் என்னோடு தங்கினாள். என்னிடம் எதையும் கேட்கவில்லை, அதை எழுதிவை. அவள் போன பிறகு கத்தியைத் தீட்டினேன்.

மூன்று வார்த்தைக்கு ஒரு பகல் பிடித்தது. பக்கம் ஆட்டுத்தோல், மெல்லியது, அழுத்தினால் ஓட்டை விழும். சுரண்டிவிட்டுச் சுண்ணாம்புத்தூள் தேய்த்தேன். வரியின் கடைசியில் வெற்றிடம் தெரியாமலிருக்க, அந்தக் காலத்தில் வரிகளை நிரப்ப வரைவதுபோல ஒரு சின்னப் பூங்கொடி வரைந்தேன். மை பழையதாகத் தெரிய வேண்டும் என்று எதை எதைக் கலந்தேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. முடித்த பிறகு கையைக் கழுவினேன். எவ்வளவு நன்றாக வந்துவிட்டது என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

வண்டிக்காரரிடம் துணியில் தைத்துக் கொடுத்தனுப்புகிறேன். கேஸ் முடிந்ததும் புத்தகம் என்னிடம் திரும்பி வர வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எரித்துவிடு. உனக்குக் கைவந்த வேலை.

ஒதீல்


வெசூல்,
1803 நவம்பர் 2, இறந்தோர் நினைவு நாள்

மேயர் அவர்களுக்கு,

ஆட்சியர் அலுவலகக் கதவில் தீர்ப்பை ஒட்டியிருக்கிறார்கள். கல்லறைக்குப் போகிற வழியில் நின்று படித்தேன். லா கோம்ப் ஊருக்குக் காய்ந்த மரம், உத்திரம், ஓக் கொட்டை எல்லாம் என்றென்றைக்கும். மகிழ்ச்சி.

அதற்குக் கீழே இருந்ததையும் படித்தேன். "மேற்படி புத்தகத்தை ஆண்டு 2-இல் தீயிலிருந்து, தன் உயிருக்கு ஆபத்து இருந்தும் காப்பாற்றி, பத்து ஆண்டுகள் தன் வீட்டில் மறைத்து வைத்திருந்த குடிமகன் லசார் வெர்னியேவின் சத்தியப் பிரமாணத்தை ஏற்று." அதற்கும் கீழே, புத்தகத்தை அவர் அரசு ஆவணக் காப்பகத்துக்கு அன்பளிப்பாக அளித்தார் என்று ஒரு வரி.

இரண்டு முறை படித்தேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண், "நல்ல மனுஷன் போலிருக்கு"ன்னு சொன்னாள்.

ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேரோடு வந்திருந்தாயாம். துவானெத் மட்டும் என் கதவைத் தட்டி, ஒரு கிண்ணம் சூப் குடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனாள். ஏன் சொல்லவில்லை என்று இப்போது புரிகிறது. நீ என் தெரு வழியாகத்தான் போயிருக்க வேண்டும், பாலத்துக்கு வேறு வழி இல்லை.

ஒதீல் வெர்னியே


லா கோம்ப்,
நவம்பர் 11, புனித மார்ட்டின் நாள்

அக்கா,

பிகார்தான் அப்படி எழுதச் சொன்னார். புத்தகம் எங்கே இருந்தது என்று முதல் கேள்வியே கேட்பார்கள் என்றார். இதே புத்தகத்துக்காகச் சிறைக்குப் போன கன்னியாஸ்திரியிடம் இருந்தது, அவளுக்கு லத்தீனும் தெரியும், சுரண்டவும் தெரியும் என்றால் அந்த இடத்திலேயே பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருப்பார்கள். லத்தீனே படிக்கத் தெரியாத ஊர்க்காரன் ஒருவனிடம் இருந்தது என்றால் சந்தேகம் வராது. கையைத் தூக்கிச் சத்தியம் செய்தேன். வார்த்தைகள் தடையில்லாமல் வந்தன. அதுதான் எனக்கே பயமாக இருந்தது.

அன்பளிப்பு என்பதும் அவர் யோசனை. திருப்பிக் கேட்டால் ஏன் என்பார்கள், கொடுத்துவிட்டால் வாயடைத்துப் போவார்கள் என்றார். உனக்குக் கொடுத்த வாக்கை நினைத்தேன். நினைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

உன் தெரு வழியாகத்தான் போனேன். ஜன்னலில் குழந்தைகளின் சட்டைகள் காய்ந்தன, தைக்கக் கொடுத்தவர்களுடையதாக இருக்கும். நின்றேன். கூட வந்தவர்கள் என்ன என்று கேட்டார்கள். செருப்பில் கல் என்றேன்.

ஊரில் பெரிய விருந்து. என் பெயரைச் சொல்லிக் குடித்தார்கள். புத்தகத்தைக் காப்பாற்றிய மேயர் என்று பள்ளிக்கூடத்து வாத்தியார் பேசினார். நானும் அவரும் பத்து ஆண்டுக்கு முன் சேர்ந்துதான் தீ வைத்தோம், அவர் மறந்துவிட்டார். அல்லது மறக்க முடிவு செய்துவிட்டார். துவானெத் எழுந்து, நிறைந்திருந்த கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டு வெளியே போனாள். "உனக்குத்தான் தாகம் அதிகம்"ன்னு சொல்லிவிட்டுப் போனாள். யாருக்கும் புரியவில்லை. குளோதீனுக்குப் புரிந்தது. அன்றிலிருந்து அவள் என்னோடு அதிகம் பேசுவதில்லை.

மேலே ஒரு வரி அடித்திருப்பது தெரியும். மன்னிப்பு என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன், ஏனென்றால் நாளைக்கு மறுபடி அதே இடத்தில் நிறுத்தினாலும் நான் அதையேதான் செய்வேன். நாற்பத்தியொரு வீட்டில் அடுப்பு எரிகிறது. அப்படி இருக்கும்போது என்னவென்று மன்னிப்புக் கேட்பது?

ஊர்ப் பங்கில் ஒரு வண்டி விறகு உனக்கு அனுப்புகிறேன். நல்ல பீச் மரம்.

லசார்


வெசூல்,
1803 டிசம்பர் 4

லசார்,

விறகு வந்தது. திருப்பி அனுப்பத்தான் கீழே இறங்கினேன். வண்டிக்காரர் வயதானவர், ஆலங்கட்டி மழையில் வந்திருந்தார். இறக்கச் சொன்னேன். பாதியை மளிகைக்காரருக்குக் கொடுத்தேன். மீதியை எரிக்கிறேன். அதை வைத்து நீ எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

அடித்த வரியைப் பற்றி எழுதியது நல்லதுதான். நீ இதுவரை எனக்கு எழுதியதில் உண்மை என்று நான் நம்புவது அந்த ஒன்றைத்தான்.

ஆவணக் காப்பகத்தில் வேலை செய்கிற குமாஸ்தாவின் மகள் என்னிடம் எழுத்துக் கற்றுக்கொள்கிறாள். போன வெள்ளிக்கிழமை அவரைக் கேட்டுப் புத்தகத்தைப் பார்க்கப் போனேன். உள் அட்டையில் புதிதாக ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறார்கள். பெல்வோ மடம், பிறகு லசார் வெர்னியே, பிறகு அரசு. மூன்று உடைமையாளர்கள். அம்மாவும் துவானெத்தும் நானும் இருந்த பத்து ஆண்டுகள் உன் பெயருக்குள் போய்விட்டன. காகிதம் நேராகக்கூட ஒட்டப்படவில்லை.

குமாஸ்தா நல்லவர். தன் புதிய பொருளைக் காட்டுவதில் அவருக்குப் பெருமை. உங்கள் ஊர்ப் பக்கத்தை அவரே திறந்தார். அந்த வரியின் மேல் விரலை ஓட்டினார், நிறுத்தினார். இங்கே தோல் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கிறது என்றார். யாரோ ஒரு கன்னியாஸ்திரி எழுத்தைத் தப்பாகப் போட்டுத் திருத்தியிருப்பாள், அந்தப் பெண்களுக்கு அவ்வளவு கவனம் போதாது என்று சிரித்தார். அந்த மூன்று வார்த்தைகளை நான் உரக்கச் சொல்லியிருந்தால், அடுத்த வாரமே வனக்காவலன் லா கோம்பில் வீடு வீடாக ஏறியிருப்பான். உன் கையில் விலங்கும் இருந்திருக்கும். அதை நான் எவ்வளவு ஆசையோடு நினைத்துப் பார்த்தேன் என்பது உனக்குத் தெரிய வேண்டும். சொல்லவில்லை. துவானெத்தின் அடுப்பை நினைத்தேன். உன்னை நினைக்கவில்லை.

வெளியே வரும்போது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு அவர் கேட்டார், "நீங்களும் வெர்னியேதானே, அந்த மேயர் உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"இல்லைங்க, தெரியாது"ன்னேன்.

அது பொய்யா என்று வீடு வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். பொய் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒதீல்